மெய்க்டிலாவில் இல்லாத தபேதார்

பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் இடையில், காபியும் மிளகும் விளையும் ஓர் ஊரில் ஒரு வீட்டைத் ‘தபேதார் வீடு’ என்கிறார்கள். வீட்டுக்காரர் காலமாகி வெகு காலமாகிவிட்டது. அவர் மதுரை கலெக்டர் அலுவலகத்தில் தபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றுதான் ஊரில் இளையவர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நினைப்பதற்கு நியாயமும் உண்டு. கொடைக்கானல் தாலுகா 1985 வரை மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. கலெக்டருக்கு முன்னால் பட்டையும் தலைப்பாகையுமாக நடந்து வழிவிலக்குபவரைத் தமிழ்நாட்டில் தபேதார் என்றுதான் அழைக்கிறோம்.

அவருடைய மகள் சொல்வது வேறு. “எங்கப்பா பட்டாளத்துக்காரரு சார். மெட்ராஸ் லான்சர்ஸ். பர்மாவுல டாங்கி ஓட்டுனவரு. மெய்க்டிலாவைப் பிடிச்சது அவுங்க படைதான்.”

பழநி மலை ஊர்களிலிருந்து ராணுவத்துக்குப் போனவர்களைப் பற்றிக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருந்த எனக்கு இந்த நான்கு வாக்கியங்கள் போதுமானவையாக இருந்தன. குடும்பத்தார் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரையில் அவர் தபேதார் மட்டுமே.

முதலில் அந்தப் பதவிப் பெயர். இந்தியக் குதிரைப்படையில் சாதாரண வீரரைச் சவார் என்பார்கள். அதற்கு மேலே லான்ஸ் தஃபேதார், அதற்கும் மேலே தஃபேதார், பிறகு ரிசால்தார். காலாட்படையில் சிப்பாய், நாயக், ஹவில்தார், சுபேதார் என்று வரும் வரிசைக்கு இது நிகரானது. தஃபேதாரும் ஹவில்தாரும் ஒரே படியில் நிற்பவர்கள். குதிரைகள் போய் டாங்கிகள் வந்த பிறகும் கவசப்படை இந்தப் பெயர்களைக் கைவிடவில்லை. அவர் மெட்ராஸ் ரெஜிமெண்டிலோ, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸிலோ இருந்திருந்தால் அது ‘ஹவில்தார் வீடு’ ஆகியிருக்கும். ஆக, கலெக்டர் அலுவலகக் கதையை ஒதுக்கிவிட்டால், ஊர்வாயில் தங்கிவிட்ட அந்தப் பெயர் மகளின் பேச்சுக்கே சாட்சி சொல்கிறது. அவர் கவசப்படைக்காரர் என்ற அளவுக்கு நம்பலாம்.

அடுத்தது மெய்க்டிலா. பத்திரிகையில் அடிக்கடி அடிபடும் ஊரல்ல இது. பள்ளிப் பாடத்திலும் வராது. நடுப் பர்மாவில், மண்டலேக்குத் தெற்கே, ஏரிகளையும் விமானத் திடல்களையும் ஒட்டிய நகரம். ஜப்பானியருக்கு அங்கேதான் பெரிய சரக்குக் கிடங்குகள் இருந்தன. 1945 பிப்ரவரி கடைசியில் ஜெனரல் ஸ்லிம்மின் 14ஆவது சேனை ஐராவதி ஆற்றைக் கடந்து, 17ஆவது இந்திய டிவிஷனையும் 255ஆவது இந்திய டாங்கி பிரிகேடையும் அந்நகரை நோக்கிப் பாய்ச்சியது. மார்ச் முதல் வாரத்தில் நகரம் விழுந்தது. பிறகு ஜப்பானியர் அதை மீட்கச் சூழ்ந்துகொள்ள, பிடித்தவர்களே முற்றுகைக்குள் கிடந்து காக்க வேண்டியதாயிற்று. அந்த டாங்கி பிரிகேடோடு போன கவசக் கார் படைதான் 16ஆவது லைட் கேவல்ரி. அதை நடத்தியவர் லெப்டினன்ட் கர்னல் ஜே.என். சௌத்ரி. ‘மெய்க்டிலாவைக் கைப்பற்றியது’, ‘மெய்க்டிலாவைக் காத்தது’ இரண்டும் இன்றும் அந்தப் படையின் போர்ச் சிறப்புகளில் உள்ளன. போர்ச் சிறப்பு என்பது ஒரு படை தன் கொடியிலும் சின்னங்களிலும் பொறித்துக்கொள்ள அரசு தரும் உரிமை.

லான்சர்ஸ் என்ற பெயரும் சரியாகவே பொருந்துகிறது. ஆற்காட்டு நவாபின் குதிரைப்படையிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு வந்த இந்தப் படையின் பிறப்பு ஆண்டாக 1776 குறிக்கப்படுகிறது. இன்றைய இந்தியக் கவசப்படையில் இதைவிட மூத்த ரெஜிமெண்ட் கிடையாது. 1781இல் ஹைதர் அலியோடு நடந்த சோளிங்கர்ப் போர் அதன் முதல் போர்ச் சிறப்பு. 1886இல் ‘2ஆவது மெட்ராஸ் லான்சர்ஸ்’ ஆயிற்று. சேனைத் தலைவர் கிச்சனர் 1903இல் எல்லாப் படைகளுக்கும் புது எண் போட்டபோது 27ஆவது லைட் கேவல்ரி. 1922 மறுசீரமைப்பில் 16ஆவது. பெயர் பலமுறை மாறினாலும் பழைய ‘மெட்ராஸ் லான்சர்ஸ்’ பேச்சுவழக்கில் ஒட்டிக்கொண்டது.

மகள் சொன்ன மூன்றும் இப்படி ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டதும் இங்கேயே கட்டுரையை முடித்துவிடத் தோன்றும். எனக்கோ இத்தனை வாகாகப் பொருந்தியதே உறுத்தலாக இருந்தது.

உறுத்தலுக்குக் காரணம் அந்தப் படையின் ஆள்சேர்ப்பு வரலாறு. மெட்ராஸ் குதிரைப்படையில் தொடக்கத்தில் ஆற்காடு, வேலூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பத்தார் மிகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில், முதலில் மெட்ராஸ் சேனைக்கும் பிறகு இந்தியச் சேனைக்கும் தலைமை வகித்த ராபர்ட்ஸ், தெற்கத்தியர் போருக்கு லாயக்கில்லை என்ற முடிவோடு இருந்தவர். ‘வீர இனம்’ என்ற கோட்பாடு சேனையை ஆண்ட காலம் அது. மெட்ராஸ் படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. மிஞ்சிய குதிரைப்படைகளில் ஆட்கள் வடக்கிலிருந்து நிரப்பப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குள் நுழையும்போது 16ஆவது லைட் கேவல்ரி பெயரில் மெட்ராஸ் படை, ஆட்களில் வடநாட்டுப் படை. அதிகாரிகளை இந்தியமயமாக்க 1923இல் முதலில் தேர்ந்தெடுத்த எட்டுப் படைகளில் இதுவும் ஒன்று. சௌத்ரி போன்றவர்கள் இதில் உயர்ந்ததற்கு அதுவும் ஒரு வாசல். ஆனால் அந்த வாசல் அதிகாரிகளுக்கானது. பழநி மலையிலிருந்து இறங்கிப் போன ஒரு பையன் 1945இல் அந்தப் படையில் சவாராகச் சேர்ந்திருக்க வழி தெரியவில்லை. தென்னிந்தியரை மீண்டும் சேர்க்கத் தொடங்கியது போர் முடிந்த பிறகுதான்.

பொது விதிக்கு விலக்கு இருக்கலாம். எழுத்தர், சமையல்காரர், பழுதுபார்ப்பவர் என்று ஒட்டுப் பணிகளில் ஒரு படையோடு வேறு ஊர்க்காரர்கள் போவது உண்டு. வாகனங்களைப் பழுதுபார்க்க 1943 அக்டோபரில் தனிக் கோரே தொடங்கப்பட்டது. அதில் தமிழர்கள் இருந்தார்கள். இவர் அப்படிப் போயிருந்தால்? போர் நாட்குறிப்புகளில் தேடினால் விடை கிடைக்காது என்பது அந்த ஆவணங்களோடு பழகியவர்களுக்குத் தெரியும். போர் நாட்குறிப்பு என்பது ஒவ்வொரு படையும் அன்றன்று நடந்ததை எழுதி மேலிடத்துக்கு அனுப்பும் ஏடு. தென்கிழக்கு ஆசியப் போர்முனையின் ஏடுகள் லண்டனுக்கு அருகே கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் அதிகாரிக்குப் பெயர் இருக்கும். சிப்பாய்க்கு எண்ணிக்கைதான்: ‘இந்தியப் பிற நிலையினர் இருவர் காயம்’ என்பதோடு சரி. காகிதக் குவியலுக்குள் போவதைவிட வீட்டிலிருந்த தகரப் பெட்டிக்குத் திரும்புவது மேல்.

பெட்டியில் ஒரு புகைப்படம் இருந்தது. கறுப்பு பெரே தொப்பியும் மேலங்கியுமாக ஓர் இளைஞர் டாங்கியின் பக்கவாட்டில் கை ஊன்றி நிற்கிறார். குடும்பத்தில் இதற்கு ‘பர்மா போட்டோ’ என்று பெயர். முகத்தை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்தேன். சக்கரங்களின் மேல்பாதியை மறைத்துக்கொண்டு நீளமான எஃகுத் தகடுகள் தொங்குகின்றன. பர்மாவில் இந்தியப் படைகள் ஓட்டிய ஷெர்மன் டாங்கியில் சக்கரங்கள் வெளியே தெரியும். இரண்டிரண்டாகச் சேர்ந்த சுருள்வில் தாங்கிகளும் தெரியும். இது பிரிட்டிஷ் செஞ்சுரியன். செஞ்சுரியனின் முதல் மாதிரிகள் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்ததே 1945 மே மாதம். அதற்குள் அங்கே சண்டை முடிந்துவிட்டது. பர்மாவை அது பார்க்கவே இல்லை. இந்தியா அதை வாங்கியது 1950களில். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெய்க்டிலாவில் 16ஆவது லைட் கேவல்ரி ஓட்டியது டயர் வைத்த கவசக் கார்களை. எனவே ‘பர்மாவில் டாங்கி’ என்ற சொற்றொடரே அந்தப் படைக்குப் பொருந்தாது.

டாங்கியோடு நின்று படமெடுத்துக்கொண்ட எல்லோரும் டாங்கி ஓட்டியவர்கள் அல்லர். புகைப்படம் சொல்வது ஒன்றுதான்: 1950களிலோ அதற்குப் பிறகோ ஏதோ ஒரு நாளில் இவர் ஒரு செஞ்சுரியன் அருகே சீருடையில் நின்றார். முன்னால் என்ன செய்தார் என்பதற்கு அது பதில் ஆகாது.

பெட்டியின் மூலையில் ஒரு கைக்குட்டை முடிச்சு. அதற்குள் இரண்டு பதக்கங்கள்: 1965 சமர் சேவா நட்சத்திரமும் ரக்‌ஷா பதக்கமும். பதக்கங்களை நான் இரண்டு விதமாகப் படிப்பேன். என்ன இருக்கிறது என்பது ஒன்று. இருந்திருக்க வேண்டியது எது இல்லை என்பது மற்றொன்று.

சமர் சேவா நட்சத்திரம் 1965 ஆகஸ்ட் 5 முதல் 1966 ஜனவரி 25 வரையிலான காலத்தில் போர்ப் பகுதியில் பணியாற்றியவர்களுக்கு உரியது. ரக்‌ஷா பதக்கம் அந்தக் காலத்தில் படையில் இருந்தவர்களுக்குப் பொதுவானது. ஆக, 1965இல் இவர் பணியில் இருந்தார், எல்லைக்கும் போனார். இல்லாதவற்றுக்கு வருவோம். பர்மா நட்சத்திரம் இல்லை. 1939–45 போர்ப் பதக்கம் இல்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்குத் தந்த இந்திய விடுதலைப் பதக்கமும் இல்லை. 1971 போர்க் காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குத் தந்த சங்க்ராம் பதக்கமும் இல்லை. இல்லாமையை அப்படியே எடுத்துக்கொண்டால் இவருடைய பணிக்காலம் 1947 ஆகஸ்டுக்குப் பிறகு தொடங்கி 1971 டிசம்பருக்கு முன்பே முடிகிறது.

ஆனால் இல்லாமை வலுவான சாட்சி அல்ல. கிராமத்து வீடுகளில் பித்தளை, வெண்கலச் சாமான்கள் பேரீச்சம்பழத்துக்குப் போன கதைகளை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பதக்கமும் உலோகம்தானே? ஐந்து இருந்து மூன்று போயிருக்கலாம். மகளைக் கேட்டேன். “ரெண்டுதான் சார் எப்பவும். தீபாவளிக்கு எடுத்துத் துடைப்பாரு. ரெண்டே ரெண்டு,” என்றார். மகளின் நினைவை பர்மா விஷயத்தில் சந்தேகித்துவிட்டுப் பதக்க எண்ணிக்கையில் மட்டும் ஏற்பது முறையா என்று கேட்கலாம். முறைதான். முன்னது கேட்ட கதை. பின்னது வருஷா வருஷம் கண்ணால் பார்த்தது.

ரக்‌ஷா பதக்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்காக இந்திய வீரர்களுக்குத் தந்த நட்சத்திரங்களின் பின்புறத்தில் பெயர் பொறிக்கும் வழக்கம் இருந்தது. அதேபோல, விடுதலைக்குப் பிந்தைய இந்திய வட்டப் பதக்கங்களின் விளிம்பில் எண், நிலை, பெயர், படை எல்லாம் சிறு எழுத்தில் பொறித்திருக்கும். விளிம்பில் படிந்திருந்த பச்சைக் களிம்பைத் துடைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது பெயருக்குப் பின்னால் 16 என்ற எண்ணும் கேவல்ரியின் சுருக்கமும் தெரிந்தன. மகள் சொன்ன படை சரி. போர்தான் வேறு.

கடைசியாக டிஸ்சார்ஜ் புத்தகம். பணியிலிருந்து விடுவிக்கும்போது ராணுவம் கையில் கொடுக்கும் சிறு ஏடு அது. சேர்ந்த நாள், அங்க அடையாளம், தொழில், நடத்தை, பார்த்த போர்முனை எல்லாம் அதில் இருக்கும். முன்பக்கங்களைப் பூச்சி அரித்திருந்தது. மிஞ்சியதில் தொழில் என்ற இடத்தில் ‘டிரைவர், ஏ.எஃப்.வி.’ என்றிருந்தது. ஏ.எஃப்.வி. என்றால் கவசப் போர்வண்டி. டாங்கி ஓட்டினார் என்ற மகளின் கூற்றில் இதுவரை தொங்கிக்கொண்டிருந்த பகுதி இதோடு உறுதியாயிற்று. சேர்ந்த தேதி போய்விட்டது. ஆனால் அலகாபாத்திலிருந்து வந்த ஓய்வூதிய ஆணை பத்திரமாக இருந்தது. அதிலுள்ள பணிக்காலத்தைக் கழித்துப் பார்த்தால் அவர் படையில் சேர்ந்தது 1950களின் முற்பகுதி. மெய்க்டிலா விழுந்தபோது அவர் மலையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுவன்.

அப்படியானால் அந்தப் பெயர் எப்படி வீட்டுக்குள் வந்தது? நான் கண்ட விளக்கம் எளியது. எந்த ரெஜிமெண்டிலும் புதிதாகச் சேர்பவருக்கு முதலில் ஊட்டப்படுவது ரெஜிமெண்டின் வரலாறு. போர்ச் சிறப்புகளை வரிசையாக ஒப்பிக்க வைப்பார்கள். சோளிங்கர் அவருக்குத் தமிழ்நாட்டு ஊர்தான். ஆனால் அது ஹைதர் காலத்துக் கதை. மெய்க்டிலாவில் சண்டையிட்டவர்களோ அப்போதுதான் விடைபெற்றுப் போயிருந்தார்கள். கேண்டீனில் அவர்களைப் பற்றிப் பேசியிருப்பார்கள். ‘நாங்க மெய்க்டிலாவைப் பிடிச்சோம்’ என்று படைக்காரர் எவரும் சொல்வார். அதில் பொய் எதுவும் இல்லை. சிறுபிள்ளைகள் அந்த ‘நாங்க’வில் அப்பாவையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இதற்கு மலையின் நினைவும் துணைநின்றிருக்கும். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்து, சென்னையே காலியானது. ஜப்பான்காரன் இறங்கிவிட்டால் தப்பிப்பதற்கென்று பேரிஜம் வழியாக மூணாறுக்குப் போகும் மலைச்சாலையை அப்போது செப்பனிட்டார்கள். இன்றும் அதற்கு ‘எஸ்கேப் ரோடு’ என்றுதான் பெயர். கொடைக்கானலில் வயதானவர்கள் ‘யுத்தம்’ என்று மொட்டையாகச் சொன்னால் அது அந்த யுத்தம். 1965ஐ யாரும் அப்படிச் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் 1965 என்றால் ஜனவரி, பிப்ரவரியில் நடந்த மொழிப் போராட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும். அதே ஆண்டு செப்டம்பரில் தமிழர்கள் டாங்கிகளோடு பாகிஸ்தானின் சியால்கோட் எல்லைக்குள் நுழைந்தது நம் நினைவில் ஓரமாகத்தான் இருக்கிறது.

அவர் உண்மையில் பார்த்த போர் மெய்க்டிலாவுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு எழுதிய 1965 போர் வரலாறு பல ஆண்டுகள் வெளியிடப்படாமலே கிடந்தது. 2000இல் அதன் தட்டச்சுப் பிரதி பத்திரிகை வழியாக வெளியே கசிந்தது. நூலாக அச்சேறியது 2011இல்தான். அதன்படி, மேஜர் ஜெனரல் ராஜிந்தர் சிங்கின் 1ஆவது கவச டிவிஷன் செப்டம்பர் 8 காலையில் சியால்கோட் பகுதியில் எல்லையைக் கடந்தது. முன்னணியில் பிரிகேடியர் கே.கே. சிங்கின் 1ஆவது கவச பிரிகேட். அதில் இரண்டு செஞ்சுரியன் படைகள் அருகருகே முன்னேறின: ஒன்று பூனா ஹார்ஸ், மற்றது 16ஆவது லைட் கேவல்ரி. கத்கோர் என்ற கிராமத்தருகே 16ஆவது லைட் கேவல்ரி பாகிஸ்தானின் 25ஆவது கேவல்ரியோடு நேருக்கு நேர் மோதியது. எதிரே பேட்டன் டாங்கிகள். ஆள் மறைக்கும் உயரத்துக்குப் பயிர் நின்ற பருவம்; எங்கிருந்து சுடுகிறார்கள் என்பதே தெரியாது. இரு பக்கமும் சேதம். இந்திய முன்னேற்றம் அன்று அங்கேயே நின்றது.

டிவிஷன் இரண்டு நாள் தாமதித்துத் திசை மாற்றித் தாக்கியது. செப்டம்பர் 11இல் ஃபில்லோரா விழுந்தது. சவிண்டா கடைசிவரை விழவில்லை. பூனா ஹார்ஸின் தளபதி லெப்டினன்ட் கர்னல் தாராபோர் 16ஆம் தேதி உயிரிழந்தார். அவருக்குப் பரம்வீர் சக்ரா. 23இல் போர்நிறுத்தம். 16ஆவது லைட் கேவல்ரிக்குக் கிடைத்தது ‘பஞ்சாப் 1965’ என்ற போர்ச் சிறப்பு. அப்போது தரைப்படைத் தளபதியாக டில்லியில் இருந்தவர், இருபது ஆண்டுக்கு முன் மெய்க்டிலாவில் இதே படையை நடத்திய அதே ஜே.என். சௌத்ரி. தம் பழைய படையின் செப்டம்பர் 8 செய்தியை அவர் எப்படி வாசித்திருப்பார் என்று யோசித்ததுண்டு.

செஞ்சுரியனில் நான்கு பேர். மூவர் சுழல்கோபுரத்தில், டிரைவர் முன்னால், கீழே, தனியாக. மூடியைச் சாத்திக்கொண்டால் அவருக்குத் தெரிவது பெரிஸ்கோப்பில் விழும் சிறு சதுரம் மட்டும். மேலேயிருந்து கமாண்டர் காதில் சொல்லும் திசைதான் வழி. கத்கோரில் என்ன நடந்தது என்று டிரைவரைக் கேட்டால், பயிரும் புழுதியும் குரலும்தான் கிடைக்கும். தபேதார் அந்தச் சண்டையைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை என்கிறார் மகள். ஒரே ஒரு முறை, மேல்மலையில் பூம்பாறைக்குப் பேருந்தில் போகும்போது டிரைவர் வளைவில் ஒலி எழுப்பாமல் திரும்பியதற்குக் கோபித்துக்கொண்டு, “கண்ணு தெரியாம ஓட்டுறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்டா” என்றாராம். இதைச் சான்றாக நான் எண்ணவில்லை, குறித்துவைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த வட்டாரத்து முன்னாள் படைவீரர்கள் ஒரு பெயர்ப் பலகை வைக்க ஏற்பாடு செய்து வருகிறார்கள். வரைவுப் பட்டியலில் தபேதாரின் பெயர் இரண்டாம் உலகப் போர் வரிசையில் இருந்தது. மாற்ற வேண்டும் என்று காரணங்களோடு எழுதிக் கொடுத்தேன். பேரனுக்கு மனமில்லை, பர்மா போனால் தாத்தா சிறுத்துவிடுவார் என்று நினைக்கிறான். மகள் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பதக்க விளிம்பையும் பார்த்துவிட்டு வேறொன்று கேட்டார்: “அப்ப நம்ம மலையிலேருந்து பர்மாவுக்குப் போனவுங்க யாருமே இல்லையா சார்?”

இருந்திருக்கத்தான் வேண்டும். மெட்ராஸ் மாகாணம் அந்தப் போருக்கு ஏராளமாக ஆள் கொடுத்தது. சாப்பர்ஸாக, பயனியர்களாக, லாரி ஓட்டுநர்களாக. அவர்களில் ஒருவரையாவது தேட ஒரு நூல் கிடைத்திருக்கிறது. தாண்டிக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் ஆறுமுனை வெண்கல நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. நாடாவில் கருநீலம், நடுவில் அகலச் சிவப்பு, இருபுறமும் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. அது பர்மா நட்சத்திரம். பின்புறத்தில் பெயர் பொறித்திருக்க வேண்டும். அது தேய்ந்திருந்தாலும், அதே வீட்டில் 1947 விடுதலைப் பதக்கமும் இருந்தால் விளிம்பைப் படித்துவிடலாம். பரணைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.